புதைந்த சக்கரத்துக்கு எந்தப் பலகை?

மணலில் சிக்கிய வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஏன்? உலர்ந்த மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. உராய்வு ஒன்றுதான் பிடிப்பு. வெறுமனே சுழலும் டயர் அவற்றை வாரி எறிந்து தனக்கே குழி தோண்டிக்கொள்கிறது.

இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரம் சுமார் 500 கிலோவைத் தாங்குகிறது. சாலைக்கான காற்றழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்போ ஏறக்குறைய 200 சதுர செ.மீ. தான். சக்கரத்தின் அடியில் வைக்கும், 110 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பலகையின் பரப்போ 3,300 சதுர செ.மீ. பலகை வளைவதால் எடை முழுப் பரப்பிலும் பரவாது. ஆனாலும் சக்கரம் ஏறிவர அது போதும். 1920களின் இறுதியில் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டிய ரால்ஃப் பேக்னால்டு இதற்கு எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தினார். மணலின் இயற்பியலையே பின்னர் நூலாக எழுதியவர் அவர்.

பிளாஸ்டிக் பலகை இலகுவானது, மணலுக்கும் சேற்றுக்கும் நல்லது. ஆனால் சக்கரம் அதன்மேல் வழுக்கிச் சுழன்றால், டயருக்குப் பிடிப்புத் தரும் முட்கள் உருகிவிடும். பள்ளத்தின் குறுக்கே பாலமாகப் போட விறைப்பான அலுமினிய ஏணிதான் வேண்டும். அதிலும், இரு முனைகள் மட்டும் தாங்கும்போது எவ்வளவு எடை பொறுக்கும் என்று கேட்டு வாங்குங்கள். தரையில் கிடத்திச் சொல்லும் கணக்கு பள்ளத்துக்கு உதவாது.

எதை வாங்கினாலும், முதலில் டயர் காற்றைக் குறையுங்கள். வண்டி நகரும்போது பலகை தெறிக்கும். முன்னும் பின்னும் யாரையும் நிற்க விடாதீர்கள்.