கடற்கரையார் மலைநாடு காணல்

விடுமுறைக் காலத்திலே குடும்பத்தோடு மலைநாடு சென்று வருதல் இன்று நம் பகுதியாரிடையே பெருவழக்காகிவிட்டது. போர் 2009இல் ஓய்ந்து, வீதிகளும் பாலங்களும் சீர்பெற்ற பின்னர், வாகரை, கதிரவெளி முதலிய ஊர்களிலிருந்தும் ஒரு வானை அமர்த்திக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு, அன்று மாலையே நுவரெலியாக் குளிரில் நடுங்குதல் கைகூடுகின்றது. ஆயினும், சென்று வந்தோரை வினவின், ஏரியும் படகும் குதிரையும் கண்டோம் என்பதற்கு மேல் அவர் பலவுஞ் சொல்வதில்லை. கடற்கரையில் வாழும் நமக்கும் அம்மலைக்கும் உள்ள தொடர்பு யாது, அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுவன எவை, அஞ்சவேண்டுவன எவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

கதிரவெளிக்கு வடக்கே வெருகல் முருகன் ஆலயத்தை அண்டிக் கடல் நோக்கிச் செல்லும் ஆறு மகாவலி கங்கையின் ஒரு கிளையாகும். 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, மத்திய மலைகளிற் பிறந்து, கண்டியைச் சூழ்ந்து கிழக்கே திரும்பி, பின் வடக்கு நோக்கி நடந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது; அதன் ஒரு பகுதி நீரே வெருகலாறாய்ப் பிரிந்து நம்மிடம் வருகின்றது. மலையிலே பெருமழை பெய்து நீர்த்தேக்கங்களின் கதவுகள் திறக்கப்படுமாயின், சில நாளில் வெருகற் கரையார் வெள்ளத்துக்கு அஞ்சி மூட்டை கட்டுவதன் காரணம் இதுவே.

நீரை மட்டுமன்று, காற்றையும் அம்மலை நமக்கு அனுப்புகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்புப் பகுதியை வாட்டும் கச்சானை அறியாதார் யார்? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. நீராவி நீராக மாறுகையில் வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்குகின்றது. மழையை இழந்த அக்காற்றுக் கீழ்ச்சரிவில் இறங்கும்போது, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வீதம் சூடேறுகின்றது; ஏறும்போது அது இழந்த வெப்பமோ இதனிலும் குறைவு. ஆகவே நுவரெலியாவை நனைத்த காற்றே நம் முற்றத்தில் அனலாய் வீசுகின்றது. இதனை வகுப்பறையிற் பத்து முறை சொல்வதிலும், ஆகத்து விடுமுறையிலே நுவரெலியாவில் மழையிற் குடைபிடித்து, மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கியதும் வெயில் காய்வதைக் காட்டுவது மேலாம்.

இதற்கேற்ற வழியும் நமக்கு வாய்த்துள்ளது. செங்கலடியிலிருந்து மேற்கே பிரியும் ஏ5 பெருந்தெரு மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, கம்பளை வழியாகப் பேராதனையிற் சென்று முடிகின்றது. நம்மவருட் பலர் பொலன்னறுவை, கண்டி வழியே ஏறி அவ்வழியே இறங்குகின்றனர். ஏ5 வழியே ஏறிக் கண்டி வழியே இறங்கின், மலையின் இரு புறத்தையும் காணலாம். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துக் காலை உணவை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பதுளையை அடுத்துள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குச் சிறிது நடக்கவேண்டும்.

தெமோதரை பிள்ளைகளுக்கு ஒரு விருந்து. சரிவு மிகுந்தவிடத்திற் புகையிரதப் பாதை நேரே இறங்க மாட்டாமையால், அது ஒரு குன்றைச் சுற்றி வளைந்து வந்து, தான் முன்னே விட்டுவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. தலைப்பாகையைச் சுற்றும் முறையைக் கொண்டு இதனைச் சிறுவர்க்கு விளக்கலாம். அணித்தே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆகியது. உயரம் 24 மீற்றர். தண்டவாளத்தின் மீது நின்று படம் எடுப்பதற்காகவே பலர் இங்கு வருவது இரங்கத்தக்கது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பலவிடங்களிற் சிதைத்தமையால், எப்பகுதியில் வண்டி ஓடுகின்றது என்பதை முன்னரே விசாரித்துச் செல்க.

ஹக்கலைப் பூங்கா மலர்களுக்காகப் புகழ்பெற்றது. அது 1861இல் தொடங்கப்பட்டதோ மலர்களுக்காகவன்று. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகவே. காட்டுக் காய்ச்சலால் தலைமுறை தலைமுறையாக வருந்திய கீழ்க்கரையார் இதனை அறிந்து போற்றுதல் தகும். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது 2016ஆம் ஆண்டிலேயாம். சீதா எலியவிலுள்ள சீதையம்மன் ஆலயமும் இவ்வழியிலேயே உளது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தது. நம்மூரினும் 12 பாகை வரை குளிர் மிகும்; நீரும் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுமாதலாற் சோறு வேகத் தாமதமாகும். சமையற் பாத்திரங்களைக் கொண்டுசெல்லும் தாய்மார் இதனை நினைவிற் கொள்க. சித்திரைப் பருவத்தில் அந்நகரிற் கால்வைக்க இடமிராது. அறை வாடகையும் பன்மடங்காகும். அக்காலத்தைத் தவிர்த்தலே நன்று என்பது எமது கருத்து.

ஹோட்டன் சமவெளிக்கு முதியோரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்ல வேண்டா. சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். விடியற்காலையிற் செல்லாவிடின் உலக முடிவு என்னும் பெரும்பள்ளத்தை மூடுபனி மறைத்துவிடும். நடக்க வல்ல மாணாக்கரோ கட்டாயம் காண வேண்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர்தரும் ஊற்றுகள் இங்குள்ளன. புல்லும் பாசியும் பனிநீரைப் பஞ்சுபோல் ஏந்திச் சிறுகச் சிறுக விடுகின்றன. வெருகலிற் கோடையிலும் சிறிது நீர் ஓடுமாயின், இத்தகைய மலைநிலங்களுக்கு நாம் கடப்பாடுடையோம்.

இனி, எழில்மிகு பசும்போர்வையென நாம் வியக்கும் தேயிலை தானாக விளைந்ததன்று. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. இரண்டையும் வளர்த்த கைகள் தமிழகத்திலிருந்து வந்தோருடையவை. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவருட் பலர் வழியிலேயே மாண்டனர். அவர் வழிவந்தோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலே வாழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு புதைத்தவையும் அத்தகைய லயங்களே. கொழுந்து கொய்யும் தாயொருத்தியை வழிமறித்து, கூடையை வாங்கி நம் தோளில் மாட்டிப் படமெடுத்தல் அவருக்குக் கூலியிழப்பு. நாள்தோறும் இத்தனை கிலோ பறித்தல் வேண்டுமென்ற கணக்கு அவருக்குண்டு. பேச விரும்புவோர் வேலை முடிந்தபின், ‘அக்கா, அண்ணை’ என்றழைத்துப் பேசலாம். மொழியோ நம் மொழிதானே.

வழிப்பயண இடர்களுள் இரண்டினை விரிவாகச் சொல்லுதல் கடமை. 2025 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு எல்ல–வெல்லவாய வீதியிற் சுற்றுலா சென்று திரும்பிய பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். நெடிய இறக்கத்திலே பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தத் தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது இயந்திரமே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். சமநிலத்திலேயே ஓட்டிப் பழகிய நம்மூர்ச் சாரதிகளுக்கு இது புதிது. ஆதலின் மலைவழி பழகியவரை அமர்த்துக. இரவிலே இறங்குதலை அறவே விடுக. ‘ஒரு நாள் அறைக்கூலி மிச்சம்’ என்று இரவோடிரவாகத் திரும்புவதே நம்மவர் வழக்கமென்பதை அறிவோம்.

மற்றையது மண்சரிவு. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை கீழ்ச்சரிவை நனைக்கும்போது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசந்தோறும் எச்சரிக்கை விடுக்கின்றது. மார்கழி விடுமுறையிற் புறப்படுவோர் அதனைப் பார்த்த பின்னரே வண்டியை ஒழுங்கு செய்தல் வேண்டும். நீர்வீழ்ச்சியில் நீர் திடீரெனக் கலங்கினால், மேலே மழை பெய்கின்றதென்று உணர்ந்து உடனே கரையேறுக.

திரும்பும் வழியிற் பேராதனைப் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்குதல் நலம். 1821இல் அமைந்த அப்பூங்காவை மகாவலி மூன்று புறமும் வளைத்துச் செல்கின்றது. முதியோர்க்கும் குழந்தைகட்கும் நடக்க எளிது. பின்னர்க் கண்டி, தம்புள்ளை, பொலன்னறுவை கடந்து வருகையில், மன்னம்பிட்டியில் அதே ஆற்றைப் பாலத்தின் மேலாக மீண்டும் கடக்கின்றோம். வண்டியிற் பிள்ளைகள் உறங்கியிருப்பின் எழுப்பி அதனைக் காட்டுக. அங்கிருந்து அந்நீரும் நாமும் வேறு வேறு வழியாக வெருகற் பக்கம் வந்து சேர்கின்றோம்.