தண்ணீரில் ஓடும் இயந்திரம்

பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் வன்னியில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை கக்கியது, இயந்திரமும் பழுதானது, ஆயினும் ஓடியது. ஏனெனில் மண்ணெண்ணெயும் எரியும் பொருளே.

இன்று கைத்தொலைபேசியில் வருவது வேறு. எரிபொருளே வேண்டாத நீரிறைக்கும் இயந்திரம், காந்தத்தால் தானே சுழலும் மின்பிறப்பாக்கி என்று விளம்பரம் செய்கிறார்கள். விற்பது இயந்திரத்தை அல்ல, அதைச் செய்வதற்கான வரைபடத்தை. மீளக்குடியமர்ந்த இளம் விவசாயி ஒருவர் அண்மையில் அப்படியொன்றைக் காட்டி, "மனிசியின்ர சங்கிலியை அடகு வைச்சு வாங்கலாமோ, பாதர்?" என்று கேட்டார். 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று பயிரை வாடவிட்டவர் அவர். அவருடைய ஆசையை நான் குறைகூற மாட்டேன்.

அவருக்கு இராமர் பிள்ளையின் கதையைச் சொன்னேன். தமிழ்நாட்டில் இராஜபாளையத்துக்கு அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த இவர், 1996 இல் மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெற்றோலாக்குவதாக அறிவித்தார். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் நம்பினார்கள். விஞ்ஞானிகள் சோதித்தபோது சூட்சுமம் மூலிகையில் இல்லை, கலக்கும் தடியில் இருந்தது தெரியவந்தது. உட்குழிவான தடிக்குள் எரிபொருள், நுனியில் மெழுகு. சுடுநீரில் மெழுகு உருக, எரிபொருள் வெளியே வரும். பின்னர் 1999-2000 காலத்தில் தொலுயீன், நப்தா போன்றவற்றைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்ற வழக்கில், 2016 இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்பு வர எத்தனை வருடம் பாருங்கள்!

அமெரிக்காவில் ஸ்ரான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் கார் என்று முதலீடு சேர்த்தார். அது மோசடி என்று 1996 இல் ஒகாயோ மாநில நீதிமன்றம் கூறி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தது.

தண்ணீர் ஏன் எரியாது? ஐதரசன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவதே தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியுமா? மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரிக்கலாம். ஆனால் அதற்குச் செலவாகும் சக்தி, அந்த வாயுவை எரித்துப் பெறுவதிலும் அதிகம். காந்தமும் அப்படியே: தள்ளும், இழுக்கும், ஓயாமல் வேலை செய்யாது. சூரியசக்திப் பம்பி ஓடுகிறதே என்பீர்கள். அதற்கு வெயில் உள்ளே போகிறது.

ஆகவே வரைபடத்துக்குக் காசு கேட்பவரிடம், ஓடும் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காணொளியில் அல்ல, உங்கள் கிணற்றில், மின்கம்பியும் பற்றரியும் இல்லாமல், காலை முதல் மாலை வரை. கலக்குவதென்றால் தடி உங்களுடையதாக இருக்கட்டும். காப்புரிமை இலக்கம் காட்டினால் மயங்க வேண்டாம். அது இயந்திரம் ஓடும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. "எண்ணெய்க் கம்பனிகள் மறைக்கும் இரகசியம்", "இன்று மட்டும் இந்த விலை" என்றால் இன்னும் கவனம். பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், பற்றுச்சீட்டையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காது வைத்து, உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

அந்த இளைஞர், ஓடும் இயந்திரத்தைப் பார்க்க எங்கே வரலாம் என்று கேட்டு எழுதினார். விலையைப் பாதியாகக் குறைப்பதாகப் பதில் வந்தது.