கடுங்குளிர்ப் பதப்படுத்தலும் ஒலித்தரமும்

கடுங்குளிர்ப் பதப்படுத்தல் என்பது உலோகப் பொருட்களை நீர்ம நைதரசனின் உதவியால் மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுசென்று, பல மணி நேரம் அந்நிலையில் வைத்திருந்து, பின்னர் மெதுவாக அறை வெப்பநிலைக்குத் திருப்பும் செயல்முறை ஆகும். நீர்ம நைதரசனின் கொதிநிலை −196 பாகை செல்சியசு. வெட்டுக்கருவிகளின் ஆயுளை நீட்டிக்கப் பயன்படும் இம்முறை ஒலிபெருக்கிக் கம்பிகள், மின்செருகிகள், வெற்றிடக் குழாய்கள், பித்தளை இசைக்கருவிகள் ஆகியவற்றுக்கும் செய்யப்படுகிறது. இவை தெளிவான ஒலியைத் தரும் என்று கூறி, கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன.

எஃகில் நிகழும் மாற்றம்

கருவி எஃகைச் சூடாக்கி விரைந்து குளிர்விக்கும்போது அதிலுள்ள ஆசுட்டெனைட்டு என்னும் படிக அமைப்பு, கடினமான மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. பல எஃகு வகைகளில் இம்மாற்றம் அறை வெப்பநிலையில் முழுமையடைவதில்லை. எஞ்சிய ஆசுட்டெனைட்டின் பெரும்பகுதி கடுங்குளிரில் மாறிவிடுவதால் எஃகின் கடினத்தன்மையும் தேய்மானத்தைத் தாங்கும் திறனும் கூடுகின்றன.

செம்பின் நிலை

செம்பும் வெள்ளியும் முகமையக் கனசதுரப் படிக அமைப்பு கொண்டவை. எவ்வளவு குளிர்வித்தாலும் இவ்வமைப்பு மாறுவதில்லை. நீர்ம நைதரசனில் அமிழ்ந்திருக்கும்போது செம்பின் மின்தடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். வெளியே எடுத்துச் சூடேறியதும் பழைய அளவுக்கே திரும்பும்.

கம்பியாக இழுக்கும்போது செம்பில் உண்டாகும் படிகக் குறைகளைக் குளிர் சீராக்கும் என்பது விற்பனையாளர்கள் கூறும் விளக்கம். அக்குறைகள் நீங்க அணுக்கள் இடம்பெயர வேண்டும். அதற்கு வெப்பமே தேவை. ஆகவேதான் தொழிற்சாலைகளில் செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பதமாக்குகின்றனர்.

வேறுபாட்டின் அளவு

குறைகள் நீங்குவதாகவே வைத்துக்கொண்டாலும் பயன் மிகச் சிறிது. இழுத்துக் கடினமான செம்புக்கும் பதமாக்கிய செம்புக்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு சுமார் 3 விழுக்காடு மட்டுமே. 3 மீட்டர் நீளமும் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட இரட்டைக் கம்பியின் மொத்தத் தடை ஏறத்தாழ 0.04 ஓம். அதில் 3 விழுக்காடு குறைந்தால், 8 ஓம் ஒலிபெருக்கியில் ஒலியளவு ஏறத்தாழ 0.001 டெசிபெல் மட்டுமே கூடும். மனிதக் காது பொதுவாக உணரும் மிகச் சிறிய வேறுபாடு அரை முதல் ஒரு டெசிபெல் வரை ஆகும்.

கேட்டறியும் சோதனை

ஆயினும் வேறுபாட்டைக் கேட்டதாகப் பலர் உறுதியாகக் கூறுகின்றனர். அதிக விலை தந்த பொருள் நன்றாக ஒலிக்கும் என்ற எதிர்பார்ப்பு கேட்கும் அனுபவத்தையே மாற்றக்கூடும். பழைய கம்பியைக் கழற்றி மாட்டும்போது இணைப்பு முனைகளில் படிந்த ஆக்சைடு உராய்ந்து நீங்குவதும் உண்மையான மாற்றத்தைத் தரலாம். அதற்குக் குளிர் காரணமன்று.

இக்குழப்பத்தைத் தவிர்க்க மறைமுகச் சோதனை பயன்படுகிறது. எந்தக் கம்பி இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கேட்பவரும் நடத்துபவரும் அறியாதவாறு ஒலியை மாற்றி மாற்றிக் கேட்டு அடையாளம் காண வேண்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

பித்தளைக் கருவிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் டஃப்ட்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதப்படுத்திய டிரம்பெட்டுகளையும் பதப்படுத்தாதவற்றையும் ஒப்பிட்டனர். அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஒலித்தரத்தை உயர்த்த விரும்புவோர்க்கு ஒலிபெருக்கியை வைக்கும் இடம், அறையின் எதிரொலி, போதிய தடிமன் கொண்ட கம்பி, தூய்மையான இணைப்பு முனைகள் ஆகியவையே அளந்து காணத்தக்க பயனைத் தருகின்றன.