கூலண்ட் டேங்க்கில் விரிசல்: எம்-சீல் போட்டால் நிற்குமா?

பானெட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா தெரியும். பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிய காரில் அது பழுப்பேறி, ஒருநாள் மெல்லிய கோடாக விரிசல் விடும். பார்க்கிங் தரையில் பச்சையாகவோ பிங்க்காகவோ சொட்டு விழுந்த பிறகுதான் அப்படி ஒரு டேங்க் இருப்பதே பலருக்கும் தெரியவரும். ஒட்டிச் சமாளிக்கலாமா, புதுசு போடணுமா?

உங்க காரில் எந்த டேங்க்?

மாருதி 800 போன்ற பழைய கார்களில் பிரஷர் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும். பக்கத்தில் உள்ள டப்பா, சூட்டில் வழியும் கூலண்ட்டைப் பிடித்துவைத்து, ஆறியதும் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான், அதில் அழுத்தம் கிடையாது. ஆனால் பல கார்களில், குறிப்பாக ஐரோப்பிய மாடல்களில், பிரஷர் மூடியே இந்த டேங்க் மேல்தான். எஞ்சின் சூடானதும் உள்ளே சுமார் 1 பார், சில கார்களில் அதற்கும் மேல் அழுத்தம் ஏறும். கிட்டத்தட்ட டயர் காற்றில் பாதி. கூடவே 90 டிகிரிக்கு மேல் சூடு.

முதல் வகையில் ஒட்டு கொஞ்ச நாள் தாங்கும். இரண்டாவதில் எம்-சீலை நம்பி ஊருக்குக் கிளம்பினால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

ஏன் ஒட்டாது?

பெரும்பாலான டேங்க்குகள் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். பசை இதில் பிடிக்கவே பிடிக்காது. மேலே ஓடு மாதிரி காய்ந்து நிற்கும். டேங்க் சூட்டில் விரிந்து சுருங்கும்போது பெயர்ந்து வந்துவிடும். சாலிடரிங் அயர்னால் உருக்கி, அதே பிளாஸ்டிக் துண்டைச் சேர்த்து வெல்டு செய்வதுதான் ஓரளவு உருப்படியான வழி. விரிசலின் இரு முனையிலும் சின்ன ஓட்டை போட்டால் அது மேலும் ஓடாது. ஆனால் ஒரு இடத்தில் விரிந்த பிளாஸ்டிக் மொத்தமாகவே மொறமொறத்துப் போயிருக்கும். அடுத்த மாதம் இன்னொரு இடம்.

முள்ளை நம்பாதீங்க

'டெம்பரேச்சர் முள் ஏறினா நிறுத்திக்கலாம்' என்று ஓட்டுபவர்கள் உண்டு. இதுதான் பெரிய ஆபத்து. சென்சார் கூலண்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் முழுசா இறங்கிவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம். ஹெட் கேஸ்கட் போனால் ஆகும் செலவு டேங்க் விலையைப் போலப் பல மடங்கு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

மாற்றும்போது...

சென்னை புதுப்பேட்டையில் பழைய டேங்க் கிடைக்கும். ஆனால் அதுவும் உங்க டேங்க் அளவுக்கு வயசான பிளாஸ்டிக்தான். புதுசே வாங்குங்க, மூடியையும் சேர்த்து. கார் மேனுவலில் சொன்ன வகை கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து ஊற்றணும். நிறம் ஒத்துப்போகுதுன்னு வேறு வகையைச் சேர்க்கக் கூடாது. சிந்தியதை உடனே கழுவிவிடுங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஏர் எடுத்துவிட்டு, மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்க. மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே நின்றால் சரி. புது டேங்க்கிலும் அளவு குறைந்துகொண்டே போனாலோ, குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்க.