நடக்க இயலாதோரும் கடற்பிரயாணமும்

முதுமை வந்துற்றதும் பிறந்த ஊரின் நினைவு மிகுகின்றது. குலதெய்வத்திற்குப் பொங்கலிட வேண்டும், உடன்பிறந்தாளின் முகத்தை ஒரு முறையேனும் காண வேண்டும் என்னும் ஆவல் ஷாதிபூர்த் தமிழ் இல்லங்கள் பலவற்றிலும் உண்டு. ஆனால் ஆவல் கொண்டவர் கால்கள் தளர்ந்தவராயின், “கப்பலேணி ஏற உங்களால் ஆகாது” என்று வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அதன் பின்னர் அவரும் அப்பேச்சை எடுப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சுமையாக இருத்தல் ஆகாது என்று எண்ணி, ஆசையை மனத்துள்ளே அடக்கிக்கொள்கின்றார்.

அந்த ஒரு சொல் பெரும்பாலும் அச்சத்தில் பிறந்தது. விசாரித்து அறிந்து சொன்னதன்று. பிரயாணம் இயலுமா என்பதை மருத்துவரின் ஆலோசனையும் முன்னேற்பாடும் பிரயாணியின் விருப்பமுமே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வானவழியா கடல்வழியா என்று எண்ணிப் பார்ப்போம். விமானம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியும் கிடைக்கும். கப்பலோ 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடக்க இரண்டரை அல்லது மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளும். அண்மையில் மாரடைப்பு கண்டவர், மூச்சுத் திணறல் உள்ளவர், அறுவைச் சிகிச்சை முடிந்து தேறாதவர் ஆகியோரை, நடுக்கடலில் பெரிய மருத்துவமனை இல்லை என்பதை மறந்து, கப்பலில் ஏற்றுதல் தகாது. மற்றவர்க்குக் கப்பலில் நன்மைகளும் உண்டு. நீட்டிப் படுக்க இடம் உண்டு. மூட்டைகளும் உபகரணங்களும் உடன் வரலாம். பெரிய குடும்பத்திற்குக் கட்டணமும் குறைவு. இரண்டையும் சீர்தூக்கி, ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ தம் குடும்ப மருத்துவரிடமோ கேட்டுத் துணிக.

பருவமும் கருதத்தக்கது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வங்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று அலைகளை எழுப்பும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்களின் காலம். நிலத்தில் கைத்தடி ஊன்றி நடப்பவரும் ஆடும் கப்பலில் நடக்க இயலாதவராகிவிடுவர். ஆதலின் திருவிழாவின் தேதியைப் பார்த்துப் பிரயாணம் குறிப்பதினும், கடலின் இயல்பைப் பார்த்துக் குறித்தலே நன்று.

ஷாதிபூரிலிருந்து ஹாடோ துறைமுகம் நெடுந்தொலைவன்று. எனினும் மூன்று நாள் பிரயாணத்தில் மிகக் கடினமான பகுதி அங்கேதான் இருக்கின்றது. துறைமேடைக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள ஏணிப்பாலத்தின் சில கஜ தூரமே அது. சக்கர நாற்காலி எளிதில் ஏற வேண்டுமாயின், ஒரு மீட்டர் உயரத்திற்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும் என்பது கட்டடக்கலையார் கொள்ளும் அளவு. கப்பலின் ஏணிப்பாலம் அவ்வளவு சாய்வாக அமைவதில்லை. கடலில் ஓதம் ஏறுந்தோறும் கப்பல் உயர, பாலமும் செங்குத்தாகின்றது. ஆகவே நாற்காலியோடு ஏறிவிடலாம் என நம்பாது, நாற்காலி வேறு, ஆள் வேறாக ஏற்றும் முறையை முன்கூட்டியே பேசிவைத்தல் அவசியம்.

போனிக்ஸ் பே பகுதியிலுள்ள கப்பல் சேவை இயக்குநரகத்தில் சீட்டு வாங்கும் பொழுதே, நடக்க இயலாதவர் ஒருவர் வருகின்றார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க. கூட்டம் சேருமுன் ஏற இசைவு கிடைக்குமா, தூக்கிச் செல்லும் படுக்கை உண்டா, உதவிக்கு ஆட்கள் வருவரா என்று கேட்க. ஒருவரைத் தூக்குவதற்கு முன், எந்தப் பக்கம் வலி, எங்கே பிடித்தல் வேண்டும் என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். மூட்டையைத் தூக்குவது போல் தாயாரைத் தூக்கலாகாது.

அடுத்தது தங்கும் அறை. நன்கவுரி, ஸ்வராஜ் துவீப் போன்ற கப்பல்களின் பெயர்கள் நம் குழந்தைகளுக்கும் தெரியும். அவற்றின் கதவுகளின் அகலம் நமக்குத் தெரியாது! சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் 60 முதல் 70 சென்டிமீட்டர். வீட்டிலேயே அதனை அளந்து குறித்துக்கொண்டு, அறைக் கதவும் குளியலறைக் கதவும் எவ்வளவு என விசாரிக்க. கப்பற் கதவுகளுக்கு அடியில், நீர் புகாதிருக்க உயர்ந்த வாயிற்படி இருத்தல் வழக்கம். குளியலறை அறையோடு சேர்ந்ததா, கழிப்பிடத்தில் கைப்பிடி உண்டா என்பவையும் கேட்கத்தக்கவை. பங்க் வகுப்பில் கட்டணம் குறைவு. ஆயினும் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டியிருக்கும். குடும்பத்தார் அனைவர்க்கும் அறை எடுக்க இயலாவிடினும், முதியவர்க்கும் துணையாக ஒருவர்க்கும் மட்டுமேனும் கீழ்ப்படுக்கையுள்ள அறை எடுத்தல் வீண் செலவன்று.

கடலில் கழியும் நாட்களுக்குச் சில குறிப்புகள்: பத்து நாட்களுக்கான மருந்துகள் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும், அடிச்சரக்கில் போட்ட பெட்டியில் இருந்தால் பயனில்லை. தலைசுற்றலுக்கான மாத்திரைகள் முதியோர்க்கு மயக்கமும் சிறுநீர்த் தடையும் உண்டாக்கக்கூடும். மருத்துவரைக் கேளாது கொடுக்கலாகாது. தாமாகப் புரள இயலாதவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வாராது. பிறரை எழுப்ப வேண்டியிருக்குமே என்று பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். பெட்பான் ஒன்றை உடன் கொண்டுசென்று, கூசாது கேட்கலாம் என்று சொல்லிவைத்தால் அத்துன்பம் நேராது. உணவை அறைக்கே வருவித்தாலும், மாலையில் சற்று நேரம் மேல்தளத்திற்கோ சன்னலருகிற்கோ அழைத்துச் செல்க. கடலைக் காணாத கடற்பிரயாணம் சிறைவாசத்திற்கு ஒப்பாகும்.

ஆபத்துக் காலத்தை எண்ணுதல் அமங்கலமன்று. கப்பல் ஏறியவுடன், அபாயச் சங்கு ஒலித்தால் கூட வேண்டிய இடம் எது, அங்கே செல்ல எத்தனை படிகள் என்று ஒருவர் நடந்து பார்த்துவருக. மின்தூக்கி இருப்பினும் தீவிபத்தின்பொழுது அதனை நம்பலாகாது. எந்த அறையில் நடக்க இயலாதவர் இருக்கின்றார் என்பதைக் கப்பல் அதிகாரிக்கு முதல் நாளே தெரிவித்துவிடுக.

இவற்றையெல்லாம் கேட்பது சலுகையை யாசிப்பதாகுமோ எனச் சிலர் தயங்குவர். தயக்கம் வேண்டுவதில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தத்தை இந்தியா 2007-ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிசெய்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்து வசதிகள் அவர்கள் பயன்படுத்தத்தக்கவாறு அமைய வேண்டும் என்கின்றது. அமெரிக்காவில், அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கொடி பறக்கும் உல்லாசக் கப்பல்களுக்கும் அந்நாட்டின் ஊனமுற்றோர் சட்டம் பொதுவாகப் பொருந்தும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டில் உள்ள உரிமை ஏணிப்பாலம் வரை வந்து சேர, கேட்பவரும் வேண்டும். இன்று ஒரு குடும்பம் எழுதும் கடிதம், நாளை வேறொரு குடும்பத்தின் வழியை எளிதாக்கும்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்குவதற்கும் இதே கவனம் வேண்டும். உறவினரை வாகனத்துடன் வரச் சொல்லுக. கப்பல் தாமதமாவது உண்டாதலின், அன்றிரவே எழும்பூரில் இரயிலேற எண்ணாது ஒரு நாள் தங்கிச் செல்லுதல் நலம். திரும்பும் சீட்டுக்கான வழியையும் புறப்படுமுன்னரே விசாரித்துக்கொள்க.

விசாரித்தபின் சிலர்க்கு விமானமே ஏற்றது எனத் தெரியலாம். சிலர்க்கு இவ்வாண்டு பிரயாணமே வேண்டாம் எனத் தெரியலாம். அதுவும் நல்ல முடிவே. ஆனால் அதனை அவர் காதுபடப் பேசி, அவரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். கால்கள் தளர்ந்தனவேயன்றி, தம் விருப்பத்தைச் சொல்லும் உரிமை தளர்ந்துவிடவில்லை. ஆகவே கப்பல் அட்டவணையைப் பார்க்குமுன், வீட்டு முதியவரின் அருகே அமர்ந்து, “ஊருக்குப் போக விரும்புகின்றீர்களா?” என்று கேளுங்கள். மற்ற ஏற்பாடுகளை அதற்குப் பின் தொடங்கலாம்.