பால்கோவா கேக் செய்யப் போறீங்களா? முதல்ல சீனியைக் குறைங்க!

பிளவக்கல் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். வாங்கிய பால்கோவாவில் பாதி வழியிலேயே காலியாகிவிடும். மீதி ஃப்ரிட்ஜுக்குப் போகும். அதை கேக் மாவில் கலந்தால் என்ன?

தாராளமாகக் கலக்கலாம். ஆனால், மற்ற அளவுகளை மாற்றாமல் கலந்தால் கேக் திகட்டும். மேல்பக்கம் கருகும், நடுவில் வேகாது.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் இருப்பது பாலும் சீனியும்தான். 10 லிட்டர் பாலுக்கு சுமார் ஒன்றேகால் கிலோ சீனி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 10 லிட்டர் பசும்பாலைச் சுண்டக் காய்ச்சினால் மிஞ்சும் திடப்பொருளும் ஏறக்குறைய அதே எடைதான் வரும். இதோடு கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 100 கிராம் பால்கோவாவில் 35 முதல் 40 கிராம் சீனியும், 10 கிராமுக்குச் சற்று கூடுதலாகக் கொழுப்பும் இருக்கும்.

எனவே, 150 கிராம் மைதா, 120 கிராம் சீனி, 100 கிராம் வெண்ணெய், 2 முட்டை என்ற சாதாரண கேக்கில் 100 கிராம் பால்கோவா சேர்ப்பதாக இருந்தால், சீனியை 85 கிராமாகவும் வெண்ணெயை 90 கிராமாகவும் குறையுங்கள். பால்கோவாவை மூன்று டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் கரைத்த பிறகு சேர்த்தால் கட்டி தட்டாது. பாலும் சீனியும் சீக்கிரம் சிவக்கும் என்பதால், அவனில் 180 டிகிரிக்குப் பதில் 165 டிகிரி வைத்து, பத்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.

'இன்னும் குறைத்தால் தாத்தாவும் சாப்பிடுவாரே' என்று தோன்றும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கேக்கில் சீனி இனிப்புக்காக மட்டும் இல்லை. அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மாவு இறுகாமல் பார்த்துக்கொள்கிறது, நிறம் கொடுக்கிறது. வழக்கமான ரெசிப்பியில் கால் பங்கு வரை குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பாதியாகக் குறைத்தால், மறுநாள் ரொட்டி மாதிரி வறண்டுவிடும்.

அதற்காகச் சீனிக்குப் பதில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, 'இது சுகர் இருக்கிறவங்களுக்கு நல்லது' என்று தட்டை நீட்டுவது ஆபத்து. இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். ருசிக்காகச் சேர்ப்பதென்றால் சேருங்கள் (கருப்பட்டி கேக்கின் வாசனையே தனி!). வெல்லத்தில் ஈரம் அதிகம் என்பதால் பாலை ஒன்றிரண்டு ஸ்பூன் குறைத்தால் போதும். தாத்தாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

கையில் கிடைப்பதை வைத்து ரெசிப்பியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1883-ல் தலசேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி அதேபோல் செய்யச் சொன்னபோது, பேக்கரி நடத்திய மம்பள்ளி பாபு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழமும் வாழைப்பழமும் கலந்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார் என்பார்கள். தூத்துக்குடி மக்ரூனில் பாதாமின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. ஆனால், அதில் முட்டை வெள்ளையும் சீனியும் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டும் இல்லாமல் மக்ரூன் எழும்பாது. வாசனைக்கும் ருசிக்கும் சேர்ப்பதை மாற்றுவது சுலபம்; கேக்கைத் தாங்கி நிற்பதை மாற்றும்போதுதான் கணக்கு வேண்டும்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயா? வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவிகிதம்தான், மீதியில் பெரும்பாலும் தண்ணீர். அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். கோதுமை மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும்; பாதி மைதாவை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டு ஸ்பூன் பால் கூடுதலாக ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதென்று அதே அளவு சமையல் சோடாவைக் கொட்டினால் சோப்பு வாடைதான் அடிக்கும். சோடாவின் வேகம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். வேலை செய்ய அதற்குத் தயிரோ எலுமிச்சையோ வேண்டும்.

சைவ வீடுகளில் ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிரும் கால் டீஸ்பூன் சோடாவும் கைகொடுக்கும். மேலே சொன்ன பால்கோவா கேக்குக்கு இது சரிவரும். நான்கைந்து முட்டை அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்கில் மட்டும் தயிரை முயற்சிக்க வேண்டாம். அதற்கு முட்டையில்லாமலே எழுதப்பட்ட ரெசிப்பியைத் தேடிக்கொள்ளுங்கள்.