சீத்தாப்பழம் கேட்டால் பறங்கிக்காய்!

சென்ற ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் தில்லிக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே பேரனைக் கூப்பிட்டு, "வண்டிக்காரனிடம் சீத்தாப்பழம் இருந்தால் அரைக் கிலோ வாங்கிண்டு வாடா கண்ணா" என்றார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஓடிப்போய், பறங்கிக்காய்த் துண்டு ஒன்றோடு வந்து நின்றான். அவன் மேல் தவறில்லை. தில்லியில் 'சீதாஃபல்' என்றால் பறங்கிக்காய்தான். நம் சீத்தாப்பழத்துக்கு இங்கே 'ஷரீஃபா' என்று பெயர்.

பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு நாள் பாட்டி கேட்டதற்கெல்லாம் இந்தியிலேயே பதில் சொன்னான். பாட்டிக்கு இந்தி தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுப் பறங்கிக்காய் ஒன்று வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். பாடம் நடத்தும் எண்ணம் இல்லை. பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எடை. எடை பார்க்கும் இயந்திரத்தில் பையன் காயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், வெறுங்கையோடு ஒரு முறையும் ஏறி நின்றான். கழித்தால் இரண்டரை கிலோ. இவ்வளவு கனமான காய் வாளித் தண்ணீரில் மூழ்குமா, மிதக்குமா? மூழ்கும் என்று அடித்துச் சொன்னான். மிதந்தது! உள்ளே குடைவாக இருக்கிறதே, அதுதான் காரணம். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதுன்னு சொல்வோமே, இதை மறைக்க எவ்வளவு சோறு வேணும்?" என்று பாட்டி கேட்டார். வாளியை விளிம்பு வரை நிரப்பித் தாம்பாளத்தில் வைத்துக் காயை அழுத்தினோம். வழிந்த நீரை அளந்தால் மூன்று லிட்டருக்கு மேல்! அந்தப் பழமொழியை அவன் இனி மறக்க மாட்டான்.

நறுக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். தோல் கடினம், கத்தி வழுக்கும். விதையைச் சுரண்ட குழந்தையிடம் ஒரு கரண்டி கொடுத்தால் போதும். எத்தனை விதை இருக்கும்? பையன் ஐம்பது என்றான், பாட்டி நானூறு என்றார். பத்துப் பத்தாகக் குவித்துத் தமிழில் எண்ணச் சொன்னேன். இந்தியில் இருபத்தொன்பதுக்கு 'உன்தீஸ்' என்று தனிச் சொல் உண்டு. நூறு வரை நெட்டுருப் போட்டாக வேண்டும். தமிழில் இருபதும் ஒன்பதும் தெரிந்தால் போதும். அந்தச் சுலபம் அவனுக்குப் பிடித்துவிட்டது. தொண்ணூறில் மட்டும் தடுக்கி விழுந்தான். அங்கே யார்தான் விழவில்லை! மொத்தம் 312. வெற்றி பாட்டிக்கே.

கழுவி நிழலில் உலர்த்திய விதைகளில் 70 எடுத்து, தரையில் சாக்குக்கட்டியால் 14 வட்டம் போட்டு, குழிக்கு ஐந்தாகப் பல்லாங்குழி ஆடினார்கள். தட்டை விதை விரலில் சிக்காமல் பாட்டி திணறியது வேறு கதை.

பெயர்ப் பஞ்சாயத்தும் நடந்தது. மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கொங்கு நாட்டில் அரசாணிக்காய். வெறும் 'பூசணி' என்றால் பாட்டிக்குச் சாம்பல் பூத்த வெள்ளைக் காய்தான். ஆக்ரா பேடா செய்வது அதில்தான் என்றதும் பையன் வாயைப் பிளந்தான். மஞ்சள் காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அது கடல் கடந்தது. போர்த்துகீசியரைப் பறங்கியர் என்றார்கள் நம் முன்னோர். காயின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

மீதி விதையை உறையில் போட்டு வையுங்கள். தில்லிக் குளிரில் முளைக்காது. பிப்ரவரி கடைசியில் தொட்டியில் ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். பூக்கும்போது பூவின் அடியில் குட்டிக் காய் தெரிந்தால் அது பெண் பூ. மாடி வீட்டுக்குத் தேனீ வராவிட்டால், காலையிலேயே ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் குழந்தையே தடவலாம். மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வைக்கும் ஆசை மட்டும் இந்த ஊரில் நிறைவேறாது.

அன்று மதியம் பறங்கிக்காய்ப் பால்கூட்டு. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், தமிழில்.

மறுநாள் பாட்டியே வண்டிக்காரனிடம் போய் "ஷரீஃபா, ஆதா கிலோ" என்றார். சொல்லிக் கொடுத்தவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.